ஆட்காட்டி எண்ணிய ஆட்டம்

அந்தக் காலத்தில் மனிதர்களுக்கும் பறவைகளுக்கும் விலங்குகளுக்கும் பேச்சு ஒன்றாகத்தான் இருந்தது. ஒருவர் வாய் திறந்தால் மற்ற எல்லோருக்கும் புரியும். இதில் வசதியும் உண்டு, ஆபத்தும் உண்டு. முயல் தன் குட்டியின் காதில் சொல்வது புதருக்குள் படுத்திருக்கும் நரிக்கும் புரிந்துவிடும். அதனால் குட்டி போட்டவர்களும் முட்டையிட்டவர்களும் வாயைக் கட்டிக்கொண்டு இருப்பதே வழக்கம்.

மலை உச்சியில் காற்றாடி மேடு என்று ஒரு புல்வெளி இருந்தது. மரம் கிடையாது. கணுக்கால் உயரப் புல், இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பாறைகள், பெருச்சாளிகள் குடியிருந்து விட்டுப்போன ஒன்பது வளைகள். அங்கே ஓர் ஆட்காட்டிப் பறவை தன் புருஷனோடு வாழ்ந்தாள். அவளுக்கு மரத்தில் உட்காரத் தெரியாது. வெறும் தரையில், நாலு கூழாங்கற்களுக்கு நடுவே, கூழாங்கல் நிறத்திலேயே நாலு முட்டை இட்டிருந்தாள். பக்கத்தில் நின்று பார்த்தாலும் கல் எது, முட்டை எது என்று தெரியாது. அது ஒன்றுதான் அவளுக்கு வேலி.

மேட்டுக்கு ஆள் வந்தால் முதலில் குரல் கொடுப்பவள் அவள்தான். அவள் கத்தினால் முயல்கள் வளைக்குள் ஓடும், காடைகள் புல்லோடு புல்லாகப் படுத்துவிடும். ஆள் வராமல் அவள் ஒருநாளும் கத்தியதில்லை. அதனால் அவள் சொன்னால் சொன்னதுதான் என்று எல்லோரும் இருந்தார்கள்.

அந்த மேட்டின் மேல் இரண்டு பேருக்கு உரிமை இருந்தது. ஒருவர் மேலூர்த் தலைவர் கரிவரதன். இன்னொருவர் அவருடைய தங்கையைக் கட்டிய கீழூர் செங்கோடன். தங்கைக்குச் சீராகக் கொடுத்தது மேட்டில் பாதியா, முழுவதுமா என்று யாருக்கும் நிச்சயமில்லை. பேசி வைத்த பெரியவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். செங்கோடனுக்கு அதை உழுது சாமை விதைக்க ஆசை. கரிவரதனுக்கு அது புல்லாகவே கிடக்க வேண்டும், ஏனென்றால் அவர் அங்கே தினமும் ஓர் ஆட்டம் ஆடுவார். சுண்ணாம்பு பூசிய கட்டை உருண்டை ஒன்றை வளைதடியால் அடித்து, ஒவ்வொரு வளையாக விழ வைக்க வேண்டும். குறைந்த அடியில் விழ வைப்பதுதான் கெட்டிக்காரத்தனம். ஒரு குழிக்கு நாலு அடி நியாயம் என்று அவரே வைத்துக்கொண்டார். அந்த நியாயத்துக்குள் அவர் விழ வைத்தது அபூர்வம்.

அடிகளை எண்ணிச் சொல்வதற்கு முன்பு ஒரு மைனா இருந்தது. ஒருநாள் அது உள்ளதைச் சொல்லி, "பதினொன்று" என்றது. எதிர்மலையும், "பதினொன்று, பதினொன்று" என்று திருப்பிச் சொன்னது. கீழே ஊற்றில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்த பெண்கள் குடத்தை வைத்துவிட்டுச் சிரித்தார்கள். அவர்களில் கரிவரதனின் மனைவியும் இருந்தாள். அன்று மாலை மைனா வால் இல்லாமல் வீடு திரும்பியது.

சீர் வழக்கு எந்தப் பக்கமும் சாயாமல் ஏழு வருஷம் இழுத்தது. கடைசியில் செங்கோடன் சொன்னார்: "மச்சான், உங்க ஆட்டத்தையே ஆடுவோம். ஒன்பது குழி. குறைச்ச அடி யாரோ, மேடு அவங்களுக்கு. நான் ஜெயிச்சா மறுநாள் ஏர் ஏத்துவேன்."

"ஆடலாம் மாப்பிள்ளை," என்றார் கரிவரதன். "யார் எண்றது?"

இரண்டு பேருமே ஆட்காட்டியின் பெயரைச் சொன்னார்கள்.

செய்தி வந்தபோது ஆட்காட்டி முட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தாள். குஞ்சு பொரிக்க இன்னும் மூன்றே நாள். வயிற்றுக்கு அடியில் ஓட்டுக்குள்ளிருந்து சின்னச் சின்னத் தட்டல் கூடக் கேட்கத் தொடங்கியிருந்தது.

"முடியாதுன்னு சொல்லிடு," என்றான் புருஷன்.

"ஏன் முடியாதுன்னு கேப்பாங்க. என்ன சொல்ல?"

"முட்டை இருக்குன்னு சொல்லேன்."

அவள் அவனை ஒரு பார்வை பார்த்தாள். அவனுக்கே புரிந்தது. சொன்னால் தலைவருக்கு மட்டுமா புரியும்? பாறைமேல் உட்கார்ந்திருக்கும் காகத்துக்கும் புரியும், கீரிக்கும் புரியும்.

"எண்ணப் போறேன்," என்றாள். "பக்கத்திலே நின்னாத்தான் உருண்டை எங்கே போகுதுன்னு பாக்க முடியும். நீ அசையாம உக்காரு."

மறுநாள் ஆட்டத்தன்று இரண்டு ஊரும் மேட்டில் கூடிவிட்டது. முயல்கள், காடைகள், கீரி, காகம் என்று எல்லோரும் ஓரமாக வந்து உட்கார்ந்தார்கள். எல்லோருடைய இருப்பும் அந்தப் புல்லில்தானே இருந்தது. வாலில்லாத மைனாவும் வந்திருந்தது. அது ஆட்காட்டியைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டியது.

முதல் குழி. செங்கோடன் நாலு அடியில் முடித்தார். ஆட்காட்டி, "சமம்," என்றாள். நியாயமும் நாலு, அடியும் நாலு, ஆகவே சமம். அதைச் சொல்ல அவளுக்குச் சிரமம் இருக்கவில்லை.

கரிவரதன் அடித்தார். முதல் அடி நேராகப் போயிற்று. இரண்டாவது சரிவில் இறங்கியது. மூன்றாவது திரும்ப மேலே ஏறியது. நாலாவது குழியின் விளிம்பில் வந்து, உள்ளே எட்டிப் பார்த்த மாதிரி நின்றுவிட்டது. ஐந்தாவதில்தான் விழுந்தது. எல்லோரும் ஆட்காட்டியைப் பார்த்தார்கள். கரிவரதனும் பார்த்தார். அவர் கண்கள் அவள் வாலில் இருந்தன.

ஐந்து என்றால் எதிர்மலை ஐந்து, ஐந்து என்னும். நாலு என்றால் பொய். ஒரு தடவை பொய் சொன்னவள் நாளைக்கு ஆள் வருகிறான் என்று கத்தினால் எந்த முயல் ஓடும்? வாய்க்கு வந்ததைச் சொன்னாள்.

"நாலு அடி ஐயாவுடையது. அதுக்குமேல ஒண்ணு... குழி வாசல்ல ஒரு பூதம் உக்காந்து மறிச்சுதுங்க."

கரிவரதன் குழியைப் பார்த்தார். கொஞ்சம் கொஞ்சமாக அவர் முகம் தெளிந்தது.

"நானும் நினைச்சேன்," என்றார். "நல்லாத்தானே வந்துது. எவனோ மறிச்சிருக்கான்."

"அப்ப அஞ்சா, இல்லையா?" என்று கேட்டார் செங்கோடன்.

"பூதம்னா அஞ்சுதாங்க. நியாயத்துக்கு மேல ஒண்ணு."

"அப்படின்னா சரி. பேர் என்னவோ வச்சுக்குங்க."

"பூதம், பூதம்," என்றது எதிர்மலை. கீழே ஊற்றில் தண்ணீர் மொண்டவர்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டு, மேட்டில் ஏதோ பேய் விவகாரம் போலிருக்கிறது என்று அவசரமாகக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

ஆட்காட்டிக்கு மூச்சு வந்தது. ஆனால் அடுத்த குழியில் செங்கோடன் மூன்றே அடியில் போட்டுவிட்டார். மறிபட்டதற்குப் பேர் கொடுத்தாயிற்று. நன்றாக அடித்தவருக்கு வெறும் எண்ணைச் சொன்னால் ஓரவஞ்சனை ஆகாதா? அவள் யோசித்தாள்.

"குருவிங்க," என்றாள். "ஓர் அடி மிச்சம். குருவி தூக்கிட்டுப் போன மாதிரி போச்சு."

செங்கோடன் விவசாயி. பிறந்ததிலிருந்து அவரை யாரும் எதற்கும் புகழ்ந்ததில்லை. வரப்பு கோணல், வாய்க்கால் மேடு என்றுதான் கேட்டுப் பழக்கம். அவர் வளைதடியைக் கீழே ஊன்றிக்கொண்டு, "என்ன சொன்னே?" என்றார்.

"குருவி."

"இன்னொரு தடவை சொல்லு."

"குருவிங்க ஐயா."

அவர் அடுத்த குழிக்கு நடந்தார். நடை மட்டும் மாறியிருந்தது.

நாலாவது குழியில் கரிவரதன் இரண்டே அடியில் போட்டார். மாப்பிள்ளைக்குக் குருவி என்றால் தனக்கு அதைவிடப் பெரியதாக இருக்க வேண்டும் என்று அவர் நிற்கிற நிலையே சொல்லியது. அவள் கழுகு என்றாள். அவருக்குத் திருப்தி. ஆறாவது குழியில்தான் யாரும் எதிர்பாராதது நடந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு அடித்த உருண்டை பாறையில் மோதி, அங்கிருந்து மேய்ந்துகொண்டிருந்த ஓர் எருமையின் முதுகில் பட்டு, உருண்டு போய் நேராகக் குழிக்குள் விழுந்தது. ஒரே அடி. கூட்டத்தில் ஒருவர் வாயிலிருந்தும் சத்தம் வரவில்லை. எருமை மட்டும் திரும்பிப் பார்த்தது.

கழுகுக்கு மேல் என்ன பறவை? ஆட்காட்டி தனக்குத் தெரிந்ததையெல்லாம் நினைத்துப் பார்த்தாள். மயில் உயரப் பறக்காது. கொக்கு மெலிந்தது. "அண்டரண்டப் பறவை," என்றாள்.

"அதை யார் பார்த்தா?" என்றார் செங்கோடன்.

"இப்படி ஒரு அடியையும் இதுக்கு முன்னால யாரும் பாக்கலீங்களே."

அவர் தலையைச் சொறிந்துகொண்டு ஒத்துக்கொண்டார்.

இப்படியே பூதமும் குருவியுமாகப் போய், எட்டுக் குழி முடிந்தபோது இருவர் அடியும் ஒன்றாக நின்றது. மீதம் ஒன்பதாவது குழி. அந்தக் குழி இருந்தது மேட்டின் தென்கோடியில். அவளுடைய முட்டைகள் இருந்ததும் அந்தப் பக்கம்தான்.

செங்கோடன் முதலில் ஆடி நாலில் முடித்தார். "சமம்," என்று சொன்ன ஆட்காட்டியின் கண் தென்பக்கமே இருந்தது. புருஷன் அசையாமல் உட்கார்ந்திருப்பது அவளுக்கு மட்டும் தெரிந்தது. கரிவரதன் தடியைத் தூக்கினார். கொஞ்சம் இடப்பக்கம் போகட்டும் என்று அவள் வேண்டிக்கொண்டாள். உருண்டை வலப்பக்கம் போனது. உயரே எழும்பி, வெயிலில் ஒரு தரம் மின்னி, இறங்கி, புல்லில் ஓடி, அவள் கூட்டின் பக்கமாகவே போய் மறைந்தது. புருஷன் கத்தாமல் எழுந்து ஒதுங்குவது தெரிந்தது.

அவள் எல்லோருக்கும் முன்னால் பறந்து போய்ப் பார்த்தாள். நாலு முட்டையும் முழுசாக இருந்தன. அவற்றின் நடுவே ஐந்தாவது முட்டை மாதிரி, வெள்ளையாக, அந்த உருண்டை.

உருண்டை கிடந்த இடத்திலிருந்தே அடிக்க வேண்டும். அதுதான் ஆட்டத்தின் கட்டளை. கையால் தொட்டால் ஓர் அடி கூடும். கரிவரதன் தடியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்துகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் கூட்டம். கூட்டத்துக்கு மேலே காகம்.

அவள் வாயை மூடிக்கொண்டிருந்தால் வளைதடி நாலு உயிரையும் வாரிக்கொண்டு போகும். சொன்னால் மேட்டிலுள்ள எல்லா வயிறும் கேட்டுவிடும். அதோடு, தொட்டு எடுத்ததற்கு ஓர் அடி கூடி அவர் தோற்றால் நாளைக்கு ஏர் வரும். முயலுக்கும் காடைக்கும் போக்கிடம் இருக்காது. அலகினால் உருண்டையைத் தள்ளிவிடலாமா என்று கூட ஒரு நொடி நினைத்தாள். ஆனால் எண்ணுகிறவளே தள்ளினால் அப்புறம் எண்ணிக்கை எதற்கு?

கரிவரதன் நாலு எட்டில் நின்றார். "எங்கே கிடக்கு?" என்றார்.

அவள் முட்டைகளின் மேல் ஏறி உட்கார்ந்தாள். உருண்டையும் அவள் வயிற்றுக்குக் கீழே போயிற்று. சில்லென்று இருந்தது.

"இங்கேதாங்க. இது என் கூடு. நாலு முட்டை இருக்கு. இன்னும் ரெண்டு நாள்ல பொரிக்கும்."

எல்லோருக்கும் கேட்டது. பாறைமேல் காகம் கழுத்தைத் திருப்பியது.

கரிவரதன் அவளைப் பார்த்தார், தடியைப் பார்த்தார், பிறகு மாப்பிள்ளையைப் பார்த்தார். தொட்டால் தோல்வி பக்கத்தில் வந்துவிடும். தொடாமல் அடிக்கவும் அவர் கை எழவில்லை.

செங்கோடன்தான் பேசினார். "மச்சான், கையாலே எடுத்து ரெண்டு முழம் தள்ளி வையுங்க. கூட்டுக்குள்ள விழுந்ததுக்கு அடி கூட்ட வேண்டாம்."

"நிஜமாவா சொல்றீங்க மாப்பிள்ளை?"

"ஒரு தாயை எழுப்பிவிட்டு ஜெயிச்சேன்னு உங்க தங்கச்சிக்கிட்டே போய் நான் சொல்ல முடியுமா? சோறு போட மாட்டா."

கரிவரதன் குனிந்து, அவள் சிறகுக்கு அடியில் இரண்டு விரலை விட்டு, உருண்டையை மட்டும் உருவி எடுத்தார்.

இரண்டாவது அடி நன்றாக விழுந்தது. உருண்டை குழிக்குப் பத்து எட்டில் நின்றது. அவர் அங்கே நடந்தார். எண்ணுகிறவள் கூடவே போக வேண்டும். அவள் எழுந்தாள், புருஷன் உட்கார்ந்தான். அவள் குழியருகே போய்ச் சேருவதற்குள் பின்னால் சிறகடிக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் புருஷனின் குரல். இறங்கியது காகம் என்று திரும்பாமலே அவளுக்குத் தெரிந்தது.

அவள் திரும்பினாள். கரிவரதன், "எண்றியா?" என்று கேட்டார். அவர் தடியை ஓங்கி நின்றார்.

"எண்றேங்க," என்றாள்.

மூன்றாவது அடி குழியைத் தாண்டிப் போயிற்று. பின்னால் சத்தம் ஓயவில்லை. நாலாவது அடி விளிம்பைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு வெளியிலேயே நின்றது. பின்னால் சத்தம் ஓய்ந்தது. ஐந்தாவது அடியில் உருண்டை உள்ளே விழுந்தது.

ஒரு முயல் அவள் காலருகே வந்து, உதடு அசையாமல், "நாலுன்னு சொல்லேன்," என்றது. எல்லோருக்கும் அது கேட்டது, ஆனால் ஒருவரும் அதைக் கண்டிக்கவில்லை. கரிவரதன் கூட அவளைக் கெஞ்சுகிற மாதிரிதான் பார்த்தார். செங்கோடன் மட்டும் தன் தடியின் நுனியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பூதம்," என்றாள்.

சொல்லிவிட்டுக் கூட்டுக்குப் பறந்தாள். புருஷன் ஒரு சிறகு பிய்ந்து உட்கார்ந்திருந்தான். அவனுக்கு அடியில் மூன்று முட்டைகள்தான் இருந்தன.

பின்னாலேயே செங்கோடன் வந்து நின்றார். எண்ணிப் பார்த்தார். "மூணா?" என்றார். "ஏர் மூணு நாள் கழிச்சு வரட்டும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூன்றாம் நாளுக்குள் மூன்று குஞ்சுகளும் பொரித்துப் புல்லுக்குள் ஓடத் தொடங்கின. அன்று காலை ஆட்காட்டி குஞ்சுகளைப் பாறை இடுக்கில் விட்டுவிட்டு, மேட்டின் விளிம்பில் நின்று ஏர் வருகிற வழியைப் பார்த்தாள். முயல்கள் மூட்டை கட்டுகிற மாதிரி இங்கும் அங்கும் ஓடின. சரிவில் ஒரு தலை தெரிந்தது. அவள் கத்தினாள். எல்லோரும் ஒளிந்தார்கள்.

செங்கோடன் தனியாக வந்தார். மாடு இல்லை, ஏர் இல்லை. கக்கத்தில் வளைதடி இருந்தது.

"நிலத்தைச் சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்," என்றார் அவளிடம்.

"பாருங்க ஐயா."

அவர் நிலத்தைப் பார்த்தார். குழியைப் பார்த்தார். சுற்றிலும் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தார். பிறகு மடியிலிருந்து உருண்டையை எடுத்துக் கீழே வைத்து அடித்தார். ஆறு அடி ஆயிற்று. இன்னொரு குழிக்குப் போனார், ஐந்து. அடுத்ததில் மூன்று. மூன்றாவது அடி விழுந்ததும் அவர் நிமிரவே இல்லை. குனிந்தபடியே, காதை மட்டும் இந்தப் பக்கம் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. ஓரவஞ்சனை ஆகிவிடக் கூடாதே என்று வாய்க்கு வந்தபடி சொன்ன சொல் அது. அந்த மனிதர் அதைக் கேட்பதற்காக மலையேறி வந்திருக்கிறார்.

"குருவி," என்றாள்.

அவர் நிமிர்ந்தார். "சாமை அடுத்த வாரம் விதைச்சாலும் ஒண்ணும் கெட்டுப் போகாது," என்றார்.

"நான் எண்றதுன்னா ஒரு பேச்சு இருக்குங்க."

"சொல்லு."

"அடிச்சது எங்கே போகுதோ அந்தப் பக்கம் எங்க குஞ்சுங்க இருக்கும். அடிக்கும்போது, முன்னேன்னு பலமா ஒரு குரல் கொடுக்கணும். நாங்க ஒதுங்கிக்குவோம்."

அவர் உடனே ஒத்துக்கொண்டார். மறுநாள் கரிவரதனும் தடியோடு வந்து, தோற்ற நிலத்தில் கால் வைக்கலாமா என்று மாப்பிள்ளையிடம் கேட்டுவிட்டு நின்றார். வாருங்கள் மச்சான் என்றார் செங்கோடன். கரிவரதன் அடிக்கும் முன் கொடுத்த, "முன்னே!" என்ற குரலுக்கு எதிர்மலை பதில் சொன்னது. அடுத்த வாரம் போனது, அதற்கடுத்த வாரமும் போனது. கீழூரில் ஏர் மழையில் நனைந்து உளுத்தது. செங்கோடனின் மனைவி சாமை எங்கே என்று கேட்ட நாளெல்லாம் அவர் கழுகு ஒன்று போட்டதைப் பற்றிச் சொன்னார். காற்றாடி மேடு புல்லாகவே கிடந்தது.

ஆட்காட்டி மட்டும் பழைய மாதிரி இல்லை. கூடு இருக்கும் இடத்தைத் தன் வாயாலேயே ஒருமுறை சொல்லி, அதற்கு ஒரு முட்டையைக் கொடுத்தவள் அவள். அடுத்த தடவை முட்டையிட்டபோது, ஆள் வந்தால் கூட்டுக்கு எட்ட ஓடிப்போய் நின்று கத்தினாள். ஆள் வருவது நிஜம், அதனால் அது பொய்யும் ஆகவில்லை.

அந்த நாள் தொட்டுத்தான் கோல்ஃப் ஆடுகிற பெரிய மனிதர்கள் தங்கள் அடியை எண்ணால் சொல்லக் கூசி, குருவியை பேர்டி என்றும், கழுகை ஈகிள் என்றும், அண்டரண்டப் பறவையை ஆல்பட்ராஸ் என்றும், பூதத்தை போகி என்றும் அவரவர் பாஷையில் சொல்லிக்கொள்கிறார்கள், பந்து ஆள்மேல் போனால், அந்த "முன்னே"யை "ஃபோர்" என்று அலறுகிறார்கள். ஆட்காட்டியும் அந்த நாள் தொட்டுத்தான், புல்வெளியில் மனித வாடை பட்டதும், முட்டை எங்கே இல்லையோ அங்கே நின்று தொண்டை கிழியக் கத்துகிறது.